இங்கிலாந்தில் கவுன்சில் தேர்தலில் சுயேச்சையாக நிற்பது எப்படி: வேட்புமனு முதல் செலவுக் கணக்கு வரை

சுயேச்சையாக நிற்க நினைப்பவர்களில் சிலர் முதல் வாக்கு விழுவதற்கு முன்பே தோற்றுவிடுகிறார்கள். ஏப்ரல் மாதத்து மாலை ஒன்றில், கெடு முடிய அரை மணி இருக்கும்போது, முன்மொழிந்தவர் பக்கத்து வார்டுக்காரர் என்று கவுன்சில் அலுவலக மேசையில் தெரியவரும். மாற்று ஆளைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கி வருவதற்குள் மணி நான்கு அடித்துவிடும். அதனால் இந்தக் குறிப்பில் பாதிக்கு மேல் காகிதத்தையும் நாட்காட்டியையும் பற்றியது. பிரசாரம் தானாக வந்துவிடும், காகிதம் வராது.

முதலில், எந்தக் கவுன்சில் என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஒரே வீட்டுக்கு மாவட்டக் கவுன்சில், கவுண்டி கவுன்சில், அதற்கும் கீழே டவுன் அல்லது பாரிஷ் கவுன்சில் என்று மூன்று இருக்கலாம். லண்டனில் பரோ; மான்செஸ்டர், பர்மிங்ஹாம் போன்ற இடங்களில் மெட்ரோபாலிட்டன் கவுன்சில்; வேறு சில ஊர்களில் எல்லாம் ஒன்றான யூனிட்டரி. குப்பை எடுப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டு கவுண்டி தேர்தலில் நின்றால் சிரிப்பார்கள். குப்பை எடுப்பது மாவட்டத்தின் வேலை, சாலையும் சமூகப் பராமரிப்பும் கவுண்டியின் வேலை. சில கவுன்சில்களில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எல்லா இடங்களுக்கும் சேர்த்துத் தேர்தல், வேறு சிலவற்றில் மூன்றில் ஒரு பங்காகப் பிரித்து. பல இடங்களில் கவுன்சில்களை இணைக்கும் வேலை நடப்பதால், உங்கள் ஊரில் அடுத்த தேர்தல் எப்போது, எதற்கு என்பதைக் கவுன்சிலின் தேர்தல் பிரிவிலேயே கேட்டுவிடுவது நல்லது.

நிற்கத் தகுதி

வேட்புமனு கொடுக்கும் நாளில் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். குடியுரிமை விஷயத்தில்தான் நம்மவர்களுக்குக் குழப்பம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாமே காமன்வெல்த் நாடுகள். அந்நாட்டுக் குடிமக்கள் முறையான விசாவில் இங்கே வசித்தால், படிக்க வந்தவரானாலும் வேலைக்கு வந்தவரானாலும், பெயரைப் பதிந்து வாக்களிக்கலாம். நிற்பதற்கு அது போதாது: காலவரையற்ற வதிவிட அனுமதி இருக்க வேண்டும், அல்லது அனுமதியே தேவைப்படாத நிலையில் இருக்க வேண்டும். பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

அடுத்து, அந்தக் கவுன்சில் பகுதியோடு உங்களுக்கு ஒட்டு இருக்க வேண்டும். நான்கு வழிகளில் ஏதாவது ஒன்று போதும்: அங்கே வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பது, கடந்த 12 மாதமும் அங்கே சொந்தமாகவோ வாடகைக்கோ இடம் வைத்திருப்பது, அந்த 12 மாதமும் முக்கிய வேலையிடம் அங்கே இருப்பது, அல்லது அந்த 12 மாதமும் அங்கேயே குடியிருப்பது. பாரிஷ் கவுன்சிலுக்கு மட்டும் அந்த 12 மாதமும் எல்லையிலிருந்து 3 மைலுக்குள் வசித்தாலும் செல்லும். கவனியுங்கள், இது முழுக் கவுன்சில் பகுதிக்கான கணக்கு. நிற்கும் வார்டிலேயே வீடு இருக்க வேண்டியதில்லை.

சம்மதப் படிவத்தில் இந்த நான்கு தகுதிகளில் முதல் கட்டத்தில் மட்டும் பலர் டிக் போட்டுவிட்டு விடுகிறார்கள். பொருந்துகிற எல்லாவற்றையும் குறியுங்கள். வாக்காளர் பட்டியல் தகுதி மட்டும் உள்ளவர், ஜெயித்த பிறகு வேறு ஊருக்குக் குடிபோனால் பதவியே போய்விடும். மற்ற மூன்றும் தேர்தல் நாள் வரை இருந்தால் போதும்.

அந்தக் கவுன்சிலிலேயே வேலை பார்ப்பவர் அங்கே நிற்க முடியாது. கவுன்சிலே முதலாளியாக இருக்கும் பள்ளிகளின் ஊழியர்களுக்கும் இது பொருந்தும். அகாடமி அறக்கட்டளை நடத்தும் பள்ளியானால் நிலைமை வேறு, எனவே சம்பளச் சீட்டில் முதலாளி யார் என்று பாருங்கள். ஜெயித்தால் ராஜினாமா செய்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மனு கொடுக்கும் நாளிலேயே அந்த வேலையில் இருக்கக் கூடாது. கடந்த ஐந்தாண்டில் மூன்று மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றிருந்தால், அது நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையானாலும், தகுதி இல்லை. திவால் ஆனது மட்டுமே தடையல்ல. திவால் கட்டுப்பாட்டு ஆணை இருந்தால்தான் தடை.

நாட்களைப் பின்னோக்கி எண்ணுங்கள்

வழக்கமாகத் தேர்தல் மே மாதத்து முதல் வியாழன், காலை 7 மணி முதல் இரவு 10 வரை. மற்ற எல்லாக் கெடுவும் அந்த நாளிலிருந்து வேலைநாட்களாகப் பின்னோக்கி எண்ணப்படும். சனி, ஞாயிறு, வங்கி விடுமுறை எதுவும் கணக்கில் சேராது. ஈஸ்டர் இடையில் விழும் ஆண்டுகளில் இந்த எண்ணிக்கை ஆளை ஏமாற்றிவிடும்.

2026 மே 7 வியாழனை எடுத்துக்கொள்ளுங்கள். மே 4 திங்கள் வங்கி விடுமுறை. ஏப்ரல் 3 பெரிய வெள்ளி, 6 ஈஸ்டர் திங்கள். இவற்றை விட்டுவிட்டு எண்ணினால் தேர்தல் அறிவிப்புக்கான கடைசி நாளான 25ஆம் வேலைநாள் மார்ச் 30. வேட்புமனுவுக்கான 19ஆம் வேலைநாள் ஏப்ரல் 9, மாலை 4 மணி. மனுவைத் திரும்பப் பெறவும், தேர்தல் முகவரை நியமிக்கவும் அதே மணிதான். வாக்காளராகப் பதிவது 12ஆம் நாளான ஏப்ரல் 20 நள்ளிரவோடு முடியும். தபால் வாக்கு விண்ணப்பம் 11ஆம் நாள், ஏப்ரல் 21 மாலை 5. பதிலி வாக்குக்கும், இலவச வாக்காளர் அடையாளச் சான்றிதழுக்கும் 6ஆம் நாள், ஏப்ரல் 28 மாலை 5. அறிவிப்புக்குப் பிறகு, கெடு நாளையும் சேர்த்து, ஆறே ஆறு வேலைநாள், நடுவில் நீண்ட ஈஸ்டர் வார இறுதி. கையெழுத்துப் போட வேண்டியவர் அந்த வாரம் பிள்ளைகளோடு வெளிநாடு போயிருப்பார் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

மூன்று காகிதங்கள்

சுயேச்சைக்கு மூன்றே மூன்று: நாமினேஷன் ஃபார்ம், ஹோம் அட்ரஸ் ஃபார்ம், கன்சென்ட் டு நாமினேஷன் எனப்படும் சம்மதப் படிவம். மூன்றின் அசலையும் கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தபாலிலோ மின்னஞ்சலிலோ அனுப்பினால் செல்லாது. கட்சி சார்பில் நிற்பவருக்கு அங்கீகாரச் சான்றிதழும், சின்னம் வேண்டுமென்றால் அதற்கான கோரிக்கையும் கூடுதல். டெபாசிட் கிடையாது. நாடாளுமன்றத் தேர்தலில் கட்டும் 500 பவுண்டை நினைத்துத் தயங்குபவர்கள் உண்டு. கவுன்சிலுக்கு ஒரு பென்னிகூடக் கட்ட வேண்டாம்.

நாமினேஷன் ஃபார்மில் முன்மொழிபவர் ஒருவர், வழிமொழிபவர் ஒருவர். முன்பெல்லாம் பத்துப் பேர் தேவைப்பட்டது. இப்போது இரண்டு பேர் போதும். அந்த இருவரும் நீங்கள் நிற்கும் வார்டின் பட்டியலில் இருக்க வேண்டும். ஒரே தெருவின் ஒற்றைப்படை வீடுகள் ஒரு வார்டிலும் இரட்டைப்படை வீடுகள் மறு வார்டிலும் இருக்கக்கூடிய ஊர் இது. ஆகவே "எதிர்வீட்டுக்காரர்தானே" என்று கையெழுத்து வாங்காதீர்கள். கையெழுத்தின் பக்கத்தில் வாக்குச்சாவடிப் பகுதியின் எழுத்துகளும் வாக்காளர் எண்ணும் எழுத வேண்டும். இரண்டையும் அப்போதைய பட்டியலிலிருந்து எடுங்கள். பட்டியல் மறுபடி வெளியானால் போன ஆண்டு வாக்காளர் அட்டையில் இருந்த எண் மாறியிருக்கலாம்.

வரிசை மிக முக்கியம். முதலில் உங்கள் பெயர், வார்டு, விவரம் எல்லாவற்றையும் நிரப்புங்கள், பிறகுதான் கையெழுத்து. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிவைத்து அப்புறம் நிரப்புவது, கையெழுத்தான பிறகு எழுத்துப்பிழையைத் திருத்துவது, இரண்டும் கூடாது. ஒருவர் தன் வார்டில் எத்தனை இடமோ அத்தனை பேருக்குத்தான் கையெழுத்துப் போடலாம். ஓரிட வார்டில் உங்களுக்கு முன்பே வேறொருவருக்குப் போட்டு, அந்த மனு முதலில் போய்ச் சேர்ந்திருந்தால் உங்களுடையது செல்லாது. கேட்டுவிடுங்கள், கேட்பதில் வெட்கமில்லை.

விவரக் கட்டத்தில் சுயேச்சைக்கு இரண்டே வழி: "இண்டிபெண்டன்ட்" என்று எழுதலாம், அல்லது வெறுமையாக விடலாம். "ஊர் மக்கள் வேட்பாளர்" என்றெல்லாம் எழுத முடியாது.

ஹோம் அட்ரஸ் ஃபார்மில் வீட்டு முகவரியை வெளியிட வேண்டாம் என்று கேட்கலாம். அப்படிக் கேட்டால் எந்தப் பகுதியில் வசிக்கிறீர்கள் என்பது மட்டும் வாக்குச்சீட்டில் வரும். வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் தாராளமாகக் கேளுங்கள், யாரும் தப்பாக நினைப்பதில்லை. சம்மதப் படிவத்தில் மனுக் கெடுவுக்கு ஒரு மாதத்துக்குள்தான் கையெழுத்திட வேண்டும், அதுவும் ஒரு சாட்சி முன்னிலையில். பிப்ரவரியிலேயே முடித்துவைக்கும் சுறுசுறுப்புக்காரர்கள் விழும் குழி இது.

கெடு நாளன்று போகாதீர்கள். அறிவிப்பு வெளியான இரண்டாம் மூன்றாம் நாளே தேர்தல் பிரிவில் நேரம் குறித்து, படிவங்களை முன்பார்வைக்குக் கொண்டுபோங்கள். பெரும்பாலான கவுன்சில்கள் இதைச் செய்து தருகின்றன. ஆனால் முறைப்படி கொடுத்துவிட்ட பிறகு பெரிய பிழை தெரிந்தால் அதிகாரி உங்களுக்காகத் திருத்தித் தர முடியாது.

தமிழ்ப் பெயர்த் தலைவலி

படிவம் கேட்பது குடும்பப் பெயரும் மற்றப் பெயர்களும். நமக்கோ அப்பா பெயரும் சொந்தப் பெயரும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எது இருக்கிறதோ அதையே முழுப் பெயர்ப் பகுதியில் எழுதுங்கள். அப்பா பெயர் விஸ்வநாதன், உங்களை ஊரே அருண் என்று கூப்பிடுகிறது என்றால், "வழக்கமாக அழைக்கப்படும் பெயர்" என்ற தனிக் கட்டம் இருக்கிறது; அதில் எழுதியதே வாக்குச்சீட்டில் வரும். உண்மையில் அப்படி அழைக்கப்பட வேண்டும், தேர்தலுக்காக முளைத்த பெயராக இருக்கக் கூடாது. டாக்டர், கவுன்சிலர் போன்ற முன்னொட்டுகளைப் பெயரோடு சேர்க்காதீர்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயரே இல்லாதவர்கள் முன்பார்வையின்போதே தேர்தல் பிரிவிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.

வாக்குச்சீட்டில் பெயர்கள் குடும்பப் பெயரின் ஆங்கில அகரவரிசையில் வரும். மூன்று இட வார்டுகளில் மேலே இருப்பவருக்குக் கொஞ்சம் சாதகம் என்பது தேர்தல் வேலை செய்தவர்களுக்குப் பழகிய சங்கதி. அருணாசலத்துக்குக் கிடைக்கும் அந்தச் சில வாக்கு யோகராசாவுக்குக் கிடைக்காது. அதற்காக ஒன்றும் செய்ய முடியாது, துண்டுப்பிரசுரத்தில் "பட்டியலின் கடைசிப் பெயர்" என்று எழுதிவிடுவதைத் தவிர. அது நன்றாகவே வேலை செய்யும்.

பணம்

செலவு வரம்பு: 960 பவுண்ட், அதோடு வார்டின் ஒவ்வொரு வாக்காளருக்கும் 8 பென்ஸ். 7,200 பேர் உள்ள வார்டென்றால் 960 + 576 = 1,536 பவுண்ட். இருவர் ஒரே துண்டுப்பிரசுரத்தில் கூட்டாக நின்றால் ஒவ்வொருவரின் வரம்பும் கால் பங்கு குறையும். மூவரோ அதற்கு மேலோ என்றால் மூன்றில் ஒரு பங்கு.

தொண்டர்களின் உழைப்பு கணக்கில் வராது. ஆனால் சிநேகிதர் தன் அச்சகத்தில் "அண்ணே, காசு வேண்டாம்" என்று அடித்துக்கொடுத்தால் அது கணக்கில் வரும். சந்தை விலை 300 பவுண்ட் என்றால் 300 பவுண்ட் செலவாகவும், அதே தொகை நன்கொடையாகவும் எழுத வேண்டும். தள்ளுபடியும் அப்படியே: பத்து சதவீதத்துக்கு மேலும் வித்தியாசம் 50 பவுண்டுக்கு மேலும் இருந்தால் எழுதுங்கள். 50 பவுண்டைத் தாண்டும் நன்கொடையை, இங்கே வாக்காளர் பட்டியலில் இருப்பவர் போன்ற அனுமதிக்கப்பட்டவரிடமிருந்துதான் வாங்கலாம். சரிபார்த்துத் திருப்பிக் கொடுக்க 30 நாள் அவகாசம். சென்னையிலிருந்து மாமா அனுப்பும் 200 பவுண்ட், அவர் பெயர் இங்கே பட்டியலில் இல்லையென்றால், திரும்பிப் போக வேண்டிய பணம்.

உணவு, குடி கொடுத்து வாக்கைத் திருப்புவது இங்கே பெரிய குற்றம். கூட்டத்துக்கு வந்தவருக்குத் தேநீர் கொடுப்பது வேறு, வீடு வீடாகப் பிரியாணிப் பொட்டலம் அனுப்புவது வேறு. வாக்குக் கேட்டுப் போகிறவர்களுக்குக் கூலி கொடுப்பதும் சட்டவிரோதம். கோவிலில் "இவருக்குப் போடாவிட்டால் சாமி குத்தம்" என்று யாரையாவது சொல்ல வைத்தால், அது ஆன்மிக அழுத்தம் என்று தேர்தலையே ரத்தாக்கக்கூடிய வழக்காகிவிடும். எதிராளியின் நடத்தை பற்றித் தெரிந்தே பொய் பரப்பினாலும் அப்படித்தான்.

தெருவில்

துண்டுப்பிரசுரம் ஒவ்வொன்றிலும் அச்சிட்டவர், வெளியிடுபவர், யார் சார்பில் என்ற மூன்றின் பெயரும் தபால் முகவரியும் இருக்க வேண்டும். தமிழில் அடித்தாலும் இது வேண்டும். 2023 நவம்பர் 1 முதல் இணையப் பதிவுகளுக்கும் வெளியிடுபவர் குறிப்பு தேவை. கவுன்சில் தேர்தலில் இலவசத் தபால் வசதி கிடையாது. நடந்துதான் போட வேண்டும். தொடர்வீட்டுத் தெருவில் ஒருவர் மணிக்கு நூறு வீடு போடலாம். தோட்டமும் நீண்ட பாதையும் உள்ள வீடுகளில் அதில் பாதிதான். 4,000 வீட்டு வார்டை ஒருமுறை சுற்றவே நாற்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

கதவில் இருக்கும் தபால் துளையில் கடினமான பிரஷ் முடி இருக்கும். வழவழப்பான மெல்லிய தாள் அதில் கசங்கி வெளியிலேயே நின்றுவிடும். கொஞ்சம் கனமான தாளில் அடித்து நீளவாக்கில் மடித்துத் தள்ளுங்கள். விரலை ஒருபோதும் உள்ளே விடாதீர்கள், கதவுக்குப் பின்னால் நாய் குரைக்காமல் காத்திருக்கும். ஒரு மரக்கரண்டியால் தள்ளினால் விரலும் தப்பும், தாளும் முழுதாக உள்ளே விழும். கேட்டை எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டு வாருங்கள்.

தபால் வாக்குச்சீட்டுகள் தேர்தலுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே வீடுகளுக்குப் போய்ச் சேரும். பலர் அன்று மாலையே நிரப்பிவிடுவார்கள். உங்கள் முதல் தாள் அதற்கு முன் விழுந்திருக்க வேண்டும். தபால் வாக்கில் கையெழுத்தும் பிறந்த தேதியும் விண்ணப்பத்தோடு ஒத்துப்போக வேண்டும். பிறந்த தேதிக் கட்டத்தில் அன்றைய தேதியை எழுதுவதும், கணவன் மனைவி உறுதிமொழித் தாளை மாற்றி வைப்பதும் அடிக்கடி நடக்கும் பிழைகள். பேசும்போது இதை நினைவூட்டலாம், ஆனால் அவர்களுடைய உறையை வாங்கிக்கொண்டு வராதீர்கள். பிரசாரம் செய்பவர் தன்னுடையதும் நெருங்கிய குடும்பத்தாருடையதும் போன்றவை தவிர மற்றவர் தபால் வாக்கைக் கையாளுவது இப்போது குற்றம்.

நேரில் வாக்களிக்க 2023 முதல் படமுள்ள அடையாள ஆவணம் கட்டாயம். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டும் செல்லும், காமன்வெல்த் நாடுகள் என்பதால். இங்கத்திய ஓட்டுநர் உரிமம், முதியோர் பஸ் பாஸ், மாற்றுத்திறனாளிகளுக்கான நீல பேட்ஜ் எல்லாம் செல்லும். காலாவதியானாலும் முகம் அடையாளம் தெரிந்தால் சரி. கைபேசியில் இருக்கும் புகைப்பட நகல் செல்லாது. பட்டியலில் "கே. முருகன்", பாஸ்போர்ட்டில் "முருகன் கந்தசாமி" என்றிருக்கும் பெரியவர்களைப் பதிவுக் கெடுவுக்கு முன்பே பெயரைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

தேர்தல் நாளும் எண்ணிக்கையும்

பிரசார ஓய்வு என்று இங்கே ஒன்றுமில்லை. தேர்தல் நாள் இரவு 10 வரை கதவு தட்டலாம், சாவடிக்கு உள்ளே மட்டும் கூடாது. வாசலில் ரிப்பன் பூ குத்திக்கொண்டு வாக்காளர் எண் கேட்பவர்கள் கட்சிக்காரர்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல யாருக்கும் கடமையில்லை. 10 மணிக்கு வரிசையில் நிற்பவர்கள் வாக்களிக்கலாம். எண்ணிக்கை முகவர்களின் பெயரை ஐந்து வேலைநாள் முன்பே கொடுத்திருக்க வேண்டும்.

முதலில் சரிபார்ப்பு: பெட்டியில் இருந்த சீட்டுகளும் சாவடிக் கணக்கும் ஒத்துப்போகின்றனவா என்று. இந்த நேரத்தில்தான் உங்கள் ஆள் மேசையருகே நின்று, விரியும் சீட்டுகளில் எங்கே குறி விழுந்திருக்கிறது என்று கோடு போட்டு எண்ணலாம். பிறகு எண்ணிக்கை. ஓரிட வார்டில் கட்டுக்கட்டாகப் பிரித்தால் போதும். மூன்று இட வார்டில் ஒரே கட்சியின் மூவருக்கும் போட்ட சீட்டுகளைத் தனியே அடுக்கிவிட்டு, கலந்து போட்டவற்றை மட்டும் ஒரு நீண்ட தாளில் பக்கவாட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி, ஒவ்வொரு பெயருக்கும் குறுக்கே கூட்டுவார்கள். ஓரங்கள் தொங்குவதால் அதற்குப் புல் பாவாடை என்று பெயர். சுயேச்சையின் வாக்குகள் பெரும்பாலும் இந்தக் கலப்புச் சீட்டுகளில்தான் கிடக்கும், எனவே உங்கள் கூர்மையான ஆளை அந்த மேசையில் நிறுத்துங்கள்.

குறி சிலுவையாக இல்லாமல் டிக்காக இருந்தாலும் எண்ணம் தெளிவானால் செல்லும். அளவுக்கு மேல் பேருக்குப் போட்டது, வாக்காளரை அடையாளம் காட்டும்படி எழுதியது, வெறுமையானது செல்லாது. மறுஎண்ணிக்கை வேண்டுமானால் முடிவை அறிவிப்பதற்கு முன்பே கேளுங்கள். அறிவித்தபின் வழக்குதான், அதுவும் தேர்தல் நாளுக்குப் பின் 21 நாளுக்குள். சமமாக வந்தால் குலுக்கல். 2017இல் நார்த்தம்பர்லாந்தின் சவுத் பிளித் வார்டில் குச்சி இழுத்துத் தீர்மானித்தார்கள். குட்டைக் குச்சி கன்சர்வேட்டிவ் வேட்பாளருக்குப் போனதால், 67 இடக் கவுன்சிலில் அக்கட்சிக்கு 33 இடமே கிடைத்து, பெரும்பான்மை ஓர் இடத்தில் நழுவியது.

ஜெயித்தவர் இரண்டு மாதத்துக்குள் பதவியேற்பு உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். சொத்து, தொழில் முதலிய நலன்களை 28 நாளுக்குள் பதிய வேண்டும். ஆறு மாதம் ஒரு கூட்டத்துக்கும் போகாவிட்டால் பதவி போகும்.

தோற்றவருக்கும் பாக்கி வேலை உண்டு. சுவரொட்டிகளை 14 நாளுக்குள் கழற்ற வேண்டும். உங்களிடமிருந்து பணம் வர வேண்டியவர்கள் பில்லை 21 நாளுக்குள் தர வேண்டும், நீங்கள் 28 நாளுக்குள் தீர்க்க வேண்டும். முடிவு அறிவித்த 35 நாளுக்குள் செலவுக் கணக்கும் உறுதிமொழியும் தேர்தல் அதிகாரியிடம் போக வேண்டும். ஒரு பென்னியும் செலவழிக்காதவர்கூட பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாக வேண்டும்.